இடத்தைக் கூட்டும் முன் நகலைக் கூட்டுங்கள்

மொபைல் போன், டிஜிட்டல் கேமரா, கல்யாண வீடியோ என்று வீட்டில் பைல்கள் பெருகிக் கொண்டே போகின்றன. இவற்றை ஒரே இடத்தில் வைத்து வீட்டில் உள்ள எல்லாரும் பார்ப்பதற்காகப் பலர் என்.ஏ.எஸ். எனப்படும் நெட்வொர்க் ஸ்டோரேஜ் சாதனத்தை வாங்குகின்றனர். ரவுட்டருடன் கேபிள் மூலம் இணைக்கும் சிறிய பெட்டி இது. உள்ளே ஒன்று, இரண்டு அல்லது நான்கு ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கும். சில ஆண்டுகளில் இடம் போதவில்லை என்ற எச்சரிக்கை வந்துவிடும். உடனே பெரிய டிஸ்க் வாங்கக் கிளம்பி விடுகிறோம். முதலில் வாங்க வேண்டியது பெட்டிக்கு வெளியே வைக்கும் ஒரு டிஸ்க் என்பதே என் கருத்து.

“என் பெட்டியில்தான் இரண்டு டிஸ்க் இருக்கிறதே, ஒன்று போனாலும் மற்றொன்று இருக்குமே” என்று கேட்கலாம். ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் இந்த முறைக்கு ரெய்ட் 1 என்று பெயர். டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். நீங்கள் ஒரு போல்டரைத் தவறுதலாக அழித்தால் அது இரண்டிலும் அழியும். வைரஸ் புகுந்தாலும் அப்படித்தான். 2021 ஜூன் மாதம் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் சாதனங்களில் இன்டர்நெட் வழியே நடந்த தாக்குதலில், உலகம் முழுவதும் பலருடைய பைல்கள் அழிந்தன. இரண்டு டிஸ்க் கொண்ட டுயோ மாடலும் இதற்குத் தப்பவில்லை. அந்தச் சாதனங்களுக்கு 2015க்குப் பின் அப்டேட் வரவில்லை.

இனி இடத்தைக் கூட்டும் முறைக்கு வருவோம். இரண்டு 4 டெராபைட் டிஸ்க் உள்ள ரெய்ட் 1 பெட்டியில் கிடைக்கும் இடம் 8 அல்ல, 4 டெராபைட்தான். அதையும் விண்டோஸ் ஏறத்தாழ 3.63 என்றே காட்டும். ஒரு டிஸ்க்கை மட்டும் 8 டெராபைட்டாக மாற்றினால் இடம் கூடாது. முதலில் ஒன்றை மாற்றி, பழைய டிஸ்க்கில் உள்ளவை புதியதற்கு முழுதும் நகலாகும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு இரண்டாவதை மாற்றி, மீண்டும் காத்திருந்து, கடைசியில் வால்யூமை விரிவாக்க வேண்டும். 8 டெராபைட் டிஸ்க் முழுவதையும் விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் உங்கள் பைல்கள் ஒரே ஒரு பழைய டிஸ்க்கை நம்பித்தான் இருக்கும்.

கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரில் இருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பேன். நடுவில் கரண்ட் போகலாம், யு.பி.எஸ். இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். புது டிஸ்க் பழுதாக இருந்தால் மாற்று டிஸ்க் கூரியரில் வர நாட்கள் ஆகலாம். 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து, வீடு புதைந்து, 7 பேர் உயிரிழந்தனர். அந்த இழப்புக்கு முன் போட்டோக்கள் பெரிதல்ல. ஆனாலும் எல்லா நகலையும் ஒரே கூரையின் கீழ் வைக்கக் கூடாது என்ற பாடம் நமக்கு இருக்கிறது. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 விதி சொல்வதும் இதைத்தான்.

எனவே முதலில் யு.எஸ்.பி. டிஸ்க் ஒன்றில் பேக் அப் எடுங்கள். நாலைந்து பைல்களைத் திறந்து பாருங்கள். பின்னர் அதை உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். அடுத்து, வேண்டாத பார்வர்டு வீடியோக்களையும் இரட்டை போட்டோக்களையும் நீக்குங்கள். இடப் பிரச்னை அதிலேயே ஓரளவு தீரலாம். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் பெரிய டிஸ்க் வாங்குங்கள். அப்போது சி.எம்.ஆர். வகையா என்று கேளுங்கள். என்.ஏ.எஸ்.க்கான சில டிஸ்க்குகளில், தகவல் மாற்றும்போது வேகம் குறையும் எஸ்.எம்.ஆர். முறை சொல்லாமலே பயன்படுத்தப்பட்டது 2020ல் வெளியே வந்தது.

கழற்றிய பழைய டிஸ்க்கை எல்லாம் சரியாக முடியும் வரை பார்மட் செய்யாதீர்கள். அதை விண்டோஸ் கம்ப்யூட்டரில் இணைத்தால் பார்மட் செய்யவா என்று கேட்கலாம். பெரும்பாலான என்.ஏ.எஸ். சாதனங்கள் லினக்ஸ் முறையில் எழுதுவதே இதற்குக் காரணம். டிஸ்க் காலி என்று எண்ணி ஓ.கே. கொடுத்து விடாதீர்கள்.

செலவு கூடுதல் என்று சிலர் சொல்லலாம். டிஸ்க்கைக் கடையில் மறுபடி வாங்கலாம். தாத்தாவின் கடைசிப் போட்டோவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.