இலவசம்தானே என்று இருந்துவிட்டோம்

வங்கிக் கணக்கைத் திறக்கும்போது உலாவியின் மூலையில் தெரியும் பூட்டுப் படத்தை எல்லோரும் நம்பினோம். பல சர்வர்களில் அந்தப் பூட்டுக்குப் பின்னால் ஓடியது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல மறையாக்க மென்பொருள். கம்பெனி நடத்துபவர்களும் புரோகிராம் எழுதுபவர்களும் அதைக் காசு கொடுக்காமல் இறக்கிக்கொண்டோம். யார் பராமரிக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளிப்பட்ட பிறகுதான் விவரம் தெரிந்தது. முழுநேரம் உழைத்தவர் ஒரே ஒருவர். நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்.

பிழை ரொம்பச் சின்னது. தொடர்பு அறுபடவில்லையே என்று பார்க்க, ஒரு முனை சிறு செய்தியை அனுப்பி அதன் நீளத்தையும் சொல்லும். மறுமுனை அதையே திருப்பி அனுப்பும். சொன்ன நீளம் சரிதானா என்ற சோதனை விடுபட்டிருந்தது. ஓரெழுத்தை அனுப்பிவிட்டு 64 கேபி என்று பொய் சொன்னால், சர்வரின் நினைவகத்தில் பக்கத்தில் கிடக்கும் கடவுச்சொல்லும் ரகசியச் சாவியும்கூட வந்துவிடலாம். 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலேயே இந்தக் கோளாறு இருந்தது. மூலநிரல் எல்லோர் கண்ணெதிரிலும்தான் கிடந்தது. யாராவது பார்த்திருப்பார்கள் என்று அவரவர் இருந்துவிட்டோம்.

2014 ஜூன் இறுதியில் ஓப்பன்எஸ்எஸ்எல் குழு தன் எதிர்காலத் திட்டத்தை வெளியிட்டு, குறைகளையும் ஒளிக்காமல் அடுக்கியது: குவிந்து கிடந்த பிழை அறிக்கைகள், அரைகுறை ஆவணங்கள், ஆளுக்கொரு பாணியில் எழுதிய நிரல், போதாத நிரல் சரிபார்ப்பு. ஒவ்வொன்றிலும் நம் பங்கு உண்டு. பிழையைக் கண்டபோது புகார் எழுதினோம்; திருத்தம் எழுதி அனுப்பவில்லை. ஆவணம் சரியில்லை என்று முணுமுணுத்தோம். ஒரு பக்கம் எழுதித் தரவில்லை.

ஹார்ட்பிளீட் வெளிப்பட்ட பிறகு லினக்ஸ் ஃபவுண்டேஷன் வழியாகப் பெருநிறுவனங்களின் பணம் வந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்த பின்பே சேர்ப்பது என்றானது. 2025 ஏப்ரலில் வந்த 3.5 பதிப்பில், குவாண்டம் கணினிகளுக்கும் ஈடுகொடுக்க வகுத்த மறையாக்க முறைகள் சேர்ந்தன. அவர்கள் திட்டம் போட்டுச் செய்துகாட்டினார்கள். நாமோ, 1.1.1 பதிப்புக்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்தும், “ஓடுறதை எதுக்குத் தொடணும்?” என்று அதையே விட்டுவைத்திருக்கிறோம்.

சர்வர் வாடகைக்குப் பணம் ஒதுக்கும் நாம், அந்தச் சர்வரைக் காக்கும் மென்பொருளுக்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். பணம் தர முடியாதவர்கள் சோதனைப் பதிப்பை ஓட்டிப் பார்த்து, கண்டதை எழுதி அனுப்பலாம். இன்னொரு ஓட்டை வந்துதான் இதைச் செய்ய வேண்டும் என்றில்லை.