முதலிடம் வந்த பிறகும் எதற்கு உதவி?

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், பெரம்பலூர் மாவட்டம் பாடாலூர் பேருந்து நிறுத்தத்திலிருந்து அரியலூர்க் கடைத்தெரு வரை ஒரே பேச்சுதான்: பொம்பளப் புள்ளைங்கதான் எல்லாத்திலும் முந்திட்டாங்களே, இன்னும் அவங்களுக்குன்னு தனியா உதவித்தொகை, முகாம், விழா எல்லாம் எதுக்கு? ஆதாரமில்லாத பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2023 பத்தாம் வகுப்புத் தேர்வில் பெரம்பலூர் 97.67 சதவீதத் தேர்ச்சியுடன் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் அரியலூர், 97.31. 2025 பிளஸ் டூ தேர்விலும் அரியலூர்தான் முதலிடம், 98.82. அந்த ஆண்டு மாநில அளவில் மாணவிகள் 96.70 சதவீதமும் மாணவர்கள் 93.16 சதவீதமும் தேறினார்கள். பின்தங்கிய மாவட்டங்கள் என்றே பல காலம் பெயரெடுத்த இரண்டு மாவட்டங்களுக்கு இது பெருமைதான். ஆனால் இந்தப் பெருமையை வைத்துக்கொண்டு உதவியை நிறுத்தச் சொல்வது, கணக்கைப் பாதியில் மூடி வைப்பதாகும்.

தேர்ச்சி விழுக்காடு எழுதியவர்களை வைத்துப் போடும் கணக்கு. எழுத வராதவர்கள் அதில் இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வன்று மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 50,000 பேர் தேர்வு மையத்துக்கே வரவில்லை என்ற செய்தி பெரும் விவாதமானது நினைவிருக்கலாம். அவர்களில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ஆனால் நின்றுபோன பையன் வேலைக்குப் போய்விட்டு அடுத்த ஆண்டு திரும்ப வழியுண்டு. கல்யாணமாகி நின்ற பெண் திரும்புவது அரிது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 12.8 சதவீதத்தினர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். எந்தத் தேர்ச்சிப் பட்டியலும் இவர்களைக் காட்டுவதில்லை. எதிர்த்தரப்பின் வலுவான சான்று வேறொன்று. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47. அதில் பெண்கள் ஆண்களைவிட ஒரு மயிரிழை முன்னே. உண்மை. ஆனால் அது சென்னையையும் கோவையையும் சேர்த்துப் போட்ட மாநிலச் சராசரி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலப் பெண்களின் எழுத்தறிவு 73 சதவீதத்தைத் தாண்டியிருந்தபோது, பெரம்பலூரில் அது சுமார் 66, அரியலூரில் சுமார் 62. இன்று கல்லூரி வாசலில் நிற்கும் பெண்களின் தாய்மாரும் பாட்டிமாரும் அந்தக் கணக்கில் இருந்தவர்கள். வீட்டில் கல்லூரிப் படி ஏறும் முதல் ஆள் இந்தப் பெண்ணாகவே இருக்கும்போது, எந்தப் படிப்பு, எந்த விண்ணப்பம், எந்தக் கடைசித் தேதி என்று சொல்ல வீட்டில் யாருமில்லை. மதிப்பெண் மட்டும் வழி திறந்துவிடாது என்பதற்கு இந்தப் பகுதிக்கு வெளியே சான்று தேட வேண்டாம். அரியலூர் மாவட்டம் குழுமூரின் அனிதா பிளஸ் டூவில் 1,200க்கு 1,176 எடுத்தவர். நீட் கதவு அவருக்கு மூடிக்கொண்டது. 2017 செப்டம்பரில் அவரை இழந்தோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது 2020இல்.

அடுத்த வாதம், மாதம் ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடும் என்பது. இதையே இலவசம் என்று ஏளனமாகச் சொல்பவர்களும் உண்டு. ஒரே ஆள் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வதையும் கேட்கலாம். ஒன்றுக்கும் உதவாத தொகை கஜானாவைக் காலி செய்வது எப்படியென்று தெரியவில்லை. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்கில் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அது விரிந்தது. இதன் முந்தைய வடிவம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் வந்த திருமண உதவித் திட்டம். பின்னாளில் அது பத்தாவது முடித்த மணப்பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டமோ பட்டயமோ பெற்றவருக்கு 50,000 ரூபாய், கூடவே தாலிக்கு எட்டு கிராம் தங்கம் என்று வளர்ந்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அம்மையாரின் பெயரில் கல்யாணத்துக்குப் பணம்! தொகையை மட்டும் பார்த்தால் பழைய திட்டம்தான் பெரிது: மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு புதுமைப் பெண் தருவது மொத்தம் 36,000 ரூபாய், எட்டு கிராம் தங்கம் இன்று விற்கும் விலைக்கு இது ஈடாகாது. ஆனால் பழைய பணம் கல்யாண நாளை ஒட்டி வந்து கல்யாணச் செலவில் கரைந்தது. புதிய பணம் படிக்கும் மாதங்களில், படிப்பவள் கையில் வருகிறது. பாடாலூரிலிருந்து குரும்பலூர் அரசுக் கலைக் கல்லூரிக்குப் போகும் பெண் பெரம்பலூரில் இறங்கி, துறையூர்ச் சாலையில் இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டும். பேருந்துக்கு பாஸ் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் ரீசார்ஜுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் பாஸ் இல்லை. சின்ன வெங்காயம் பிடுங்கவோ பருத்தி எடுக்கவோ போயிருந்தால் அவள் கொண்டுவந்திருக்கக்கூடிய கூலியும் வீட்டுக்கு இல்லை. அந்தக் கூலியை ஆயிரம் ரூபாய் ஈடுகட்டாது. ஆனால் அப்பாவிடம் ஒவ்வொரு இருபது ரூபாய்க்கும் கை நீட்டும் நிலையை மாற்றும். ‘செலவு பண்ண முடியல, நின்னுடு’ என்ற வாக்கியத்தைத் தள்ளிப்போடும். படிப்பு பாதியில் நிற்பது பெரும்பாலும் இப்படிச் சின்னத் தொகைகளில்தான்.

படித்து என்ன, எறையூர் சிப்காட்டில் காலணி ஆலை வந்துவிட்டது, பிளஸ் டூ போதும், உடனே சம்பளம் என்பது மூன்றாவது வாதம். ஊருக்குள்ளேயே மாதச் சம்பளம் பெண்களுக்கு எளிதில் கிடைத்ததில்லை. அந்த ஆலையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். கேள்வி, அவர்கள் எந்த நாற்காலியில் இருக்கிறார்கள் என்பது. தையல் வரிசையில் உட்காருபவரும் தரக் கட்டுப்பாட்டிலோ இயந்திரப் பராமரிப்பிலோ இருப்பவரும் ஒரே கூரையின் கீழ்தான் வேலை செய்கிறார்கள். இருவரையும் பிரிப்பது ஒரு டிப்ளமோ. பாடாலூரை ஒட்டிய நாரணமங்கலம் டயர் ஆலைக்கும் இது பொருந்தும். தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் பிரகதி உதவித்தொகை, குடும்ப ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால், டிப்ளமோ அல்லது பொறியியல் படிக்கும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள்வரை வாங்கலாம். மேலே படிக்க வைத்தால் அதற்கேற்ற மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்ற கவலையும் இந்த வாதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அது வரதட்சணையின் சிக்கல். அதற்காகப் படிப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

பையன்கள் பின்தங்குகிறார்களே என்பது நியாயமான கவலை. அதனால்தான் 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது, அதே ஆயிரம் ரூபாயுடன். பையன்களுக்குக் கொடுக்கப் பெண்களிடமிருந்து எடுக்க வேண்டியதில்லை என்பது அத்தோடு தெளிவாகிவிட்டது.

மிஞ்சுவது விழாக்கள் பற்றிய கேலி. ஜனவரி 24 தேசியப் பெண் குழந்தைகள் தினம், அக்டோபர் 11 சர்வதேசப் பெண் குழந்தைகள் தினம்: பேனர், உறுதிமொழி, போட்டோ, பிஸ்கட் பொட்டலம். கேலி செய்பவர்களோடு இங்கே பாதி ஒத்துப்போகிறேன். ஆனால் பயனுள்ள நிகழ்வுகளும் நடக்கின்றன. பிளஸ் டூ முடிப்பவர்களுக்குப் படிப்புகளை அறிமுகப்படுத்தும் ‘கல்லூரிக் கனவு’, மாநில அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தின் பகுதி. தேறியும் எங்கும் சேராதவர்களைத் தேடிப்பிடிக்க ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள். தேறியவர்கள் எல்லாரும் கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள் என்றால் இப்படியொரு முகாமே தேவைப்பட்டிருக்காது. இவற்றை மாவட்டத் தலைநகரோடு நிறுத்தாமல் பாடாலூர், செட்டிகுளம் போன்ற ஊர்களுக்கு, வயல்வேலை முடிந்த மாலை நேரத்தில் கொண்டுவர வேண்டும்; கூலியை விட்டுவிட்டுப் பெரம்பலூருக்கு வரும்படி ஒரு தாயிடம் கேட்கக் கூடாது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு, தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு, 500 மாணவிகள், 500 மாணவர்களுக்குப் பட்டப்படிப்புவரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் தருகிறது. அக்டோபர் 11 அன்று மேடைக்குப் பதில் நாலு மேசை போட்டு, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு ஆகியவற்றை அங்கேயே முடித்து, இந்தத் தேர்வுகளுக்கான விவரங்களையும் பிரகதி விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுக்கலாம். பக்கத்தில் ஒரு பலகையில், கடந்த மே மாதம் அந்தப் பள்ளியில் தேறிய மாணவிகளில் எத்தனை பேர் இப்போது எந்தப் படிப்பில் சேர்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் எங்கும் சேரவில்லை என்று எழுதி வைக்கலாம்.