அமானிதப் பணத்துக்குக் கணக்கு எங்கே?

"வாத்தியாருக்கு என்னப்பா குறைச்சல்? ஒண்ணாந் தேதியானா சம்பளம். அதுக்கு மேல பென்ஷன் வேறயா?" அறந்தாங்கிக் கடைத்தெருவிலும் கோட்டைப்பட்டினம் டீக்கடையிலும் நம் சகோதரர்கள் சர்வ சாதாரணமாகப் பேசும் பேச்சு இது.

வியாபாரிச் சகோதரரே! கடைச் சிப்பந்தியின் சம்பளத்தில் மாதம் 10 சதவீதம் பிடிக்கிறீர்கள். 'நானும் 10 போடுகிறேன், வயதான காலத்துக்கு ஆகும்' என்கிறீர்கள். கடைசியில் சேர்ந்ததை மட்டும் கையில் கொடுத்து, 'மாதாமாதம் எதுவும் கிடையாது' என்றால் ஜமாஅத் உங்களைச் சும்மா விடுமா?

இதைத்தான் தமிழக அரசு செய்தது! 1.4.2003 முதல் பணியில் சேர்ந்த ஆசிரியர்களையும் அரசு ஊழியர்களையும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் தள்ளினார்கள். பெயரில்தான் ஓய்வூதியம். அதில் ஓய்வு பெற்றவர்களுக்கு மாத ஓய்வூதியமும் கிடைக்கவில்லை, பணிக்கொடையும் கிடைக்கவில்லை. அதே 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.70 லட்சம் பேரை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பியதையும் மறந்துவிடாதீர்கள்.

பிடித்த பணம் என்ன ஆனது? மத்திய அரசின் ஓய்வூதிய ஆணையத்திடம் தமிழகம் அதை ஒப்படைக்கவில்லை. கணிசமான தொகையைக் குறைந்த வட்டி தரும் குறுகிய காலக் கருவூலப் பத்திரத்தில் போட்டார்கள். ஊழியர் கணக்கில் வருங்கால வைப்பு நிதிக்கான வட்டியை எழுதினார்கள். இடையில் விழுந்த பள்ளத்தை அரசு கஜானாதான் நிரப்பியது. அந்தக் கஜானாவில் உங்கள் கடையின் ஜிஎஸ்டியும் இருக்கிறது!

பழைய ஓய்வூதியத்தை அப்படியே கொடுத்தால் பட்ஜெட் தாங்குமா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் பத்தும் பத்தும் போதாது என்று கண்ட மத்திய அரசு 2019இலேயே தன் பங்கை 14 சதவீதமாக்கியது. தமிழகம் 10ஐத் தாண்டவில்லை. ஒரு கழகம் ஆரம்பித்தது. மறு கழகம் பழைய ஓய்வூதியம் தருவோம் என்று 2021 தேர்தலில் வாக்குறுதி கொடுத்துவிட்டு, 2025 பிப்ரவரியில்தான் குழு போட்டது. 2026 ஜனவரியில், கடைசிச் சம்பளத்தில் பாதி உறுதி என்ற புதிய திட்டத்தை அறிவித்தபோது, ஓய்வூதிய நிதிக்கு உடனே 13,000 கோடி ரூபாய் போட வேண்டும் என்றார்கள். அத்தனை வருடம் தள்ளிப் போட்டதற்கான பில் அது!

பி.எட். முடித்து டெட் தேர்வுக்குப் படிக்கும் இளைஞரே, நாளை பிடிக்கப்போவது உங்கள் சம்பளத்தில். மணமேல்குடியிலோ மீமிசலிலோ ஓட்டுக் கேட்டு வருகிறவர் யாராயிருந்தாலும், நம் சமுதாயத்தவரே ஆனாலும், நிறுத்திக் கேளுங்கள்: நிதியில் இன்று எவ்வளவு இருக்கிறது? வருடா வருடம் பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்குவீர்கள்? தொகையைச் சொல்லட்டும், பிறகு சால்வை போடலாம்.