குளிர்காலத்தில் சைக்கிள்: விடியற்காலையா, பிற்பகலா?



நவம்பர் பிறந்ததும் டெல்லி, காசியாபாத், நொய்டா பகுதிகளில் குடியேறியிருக்கும் நம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரு காட்சியைக் காணலாம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தலைகாட்டியதால் மருத்துவரின் ஆலோசனைப்படி ஆர்வத்தோடு வாங்கிய சைக்கிள் பால்கனியின் மூலைக்குப் போய்விடும். அதன் கைப்பிடியில் வெங்காயப் பை தொங்கும். "குளிர் குறையட்டும், பிப்ரவரியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நீங்களும் சொன்னதுண்டா?

அந்த மூன்று மாத ஓய்வின் விலை சிறியதல்ல. நன்கு பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை முற்றிலும் நிறுத்தினால் என்ன நேரிடுகிறது என்பதை எட்வர்ட் கோய்லும் அவருடைய குழுவினரும் 1984-ல் வெளியிட்ட ஆய்வில் அளந்து காட்டினார்கள். பிராணவாயுவைப் பயன்படுத்தும் சரீரத்தின் உச்சத் திறன் முதல் மூன்று வாரங்களுக்குள்ளாகவே ஏறக்குறைய 7 சதவீதம் குறைந்தது. எட்டு வாரங்கள் கடந்தபோது 16 சதவீதம் குறைந்திருந்தது. வருஷம் முழுவதும் பிரயாசப்பட்டுச் சேர்த்த பெலன், ஒரு குளிர்காலத்தில் பெருமளவு கரைந்துபோகிறது.

அப்படியானால், பல்லைக் கடித்துக்கொண்டு விடியற்காலை ஐந்து மணிக்கே புறப்பட்டுவிடலாமா? கூடாது. இங்கேதான் நம்மவர் பலர் தவறுகிறார்கள். அதிகாலைக் காற்று சுத்தமானது என்பது நாம் ஊரிலிருந்து சுமந்து வந்த நம்பிக்கை. திருநெல்வேலியில் அது பொருந்தலாம். டிசம்பர் மாத டெல்லிக்குப் பொருந்தாது.

காரணம் இதுதான். குளிர்கால இரவில் தரை விரைவாகக் குளிர்கிறது. அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, மேலெழும்பாமல் தங்கிவிடுகிறது. அதற்கு மேலே வெப்பமான காற்று மூடியைப்போல் கவிந்து நிற்கிறது. இரவில் நகருக்குள் வரும் லாரிகளின் புகையும், குளிர் காய்வதற்காகக் காவலாளிகள் கொளுத்தும் சுள்ளிகளின் புகையும், வேறு பல புகைகளும் அந்த மூடிக்குக் கீழே அடைபட்டுக் கிடக்கின்றன. வெயில் ஏறி, தரை சூடாகி, காற்று மேலெழுந்து கலக்கும் பிற்பகல் இரண்டு மணிமுதல் நான்கு மணிவரை உள்ள வேளையில்தான் பெரும்பாலான நாட்களில் மாசு குறைவாயிருக்கிறது.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிஷத்திற்கு ஆறேழு லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். சைக்கிளை வேகமாக மிதிக்கும்போது அது 60 லிட்டரைத் தாண்டிவிடும். அதுவும் மூக்கின் வழியாக அல்ல, பெரும்பாலும் வாய் வழியாக. ஆகையால் மாசு மிகுந்த வேளையில் செய்யும் கடும் பயிற்சி, நஞ்சைப் பத்து மடங்காகப் பருகுவதற்குச் சமமாகும். பால்காரருக்கும் பத்திரிகை போடுகிறவருக்கும் வேளையைத் தெரிந்துகொள்ளும் சுதந்தரமில்லை. நமக்கு இருக்கிறது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் காற்றின் தரக் குறியீட்டைக் காணலாம். ஆனால் நுண்துகள்களைப் பொறுத்தமட்டில் அந்தக் குறியீடு 24 மணி நேரச் சராசரி என்பதை மறவாதிருங்கள். இந்த மணி நேரத்து நிலையை அது அப்படியே சொல்லிவிடாது. என் கணக்கு இதுவே: 200-க்குள் இருந்தால் வெளியே செல்லலாம், 300 வரை இருந்தால் சற்று நேரம், மெதுவாக, அதற்கு மேல் போனால் வீட்டுக்குள்ளே. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த அளவையும் நம்பாமல் தங்கள் மருத்துவரைக் கேட்கவேண்டும். 2024 நவம்பர் 18 அன்று டெல்லியின் குறியீடு 490-ஐத் தாண்டியது. அப்படிப்பட்ட நாளில் சைக்கிளைத் தொடுவது வீரமல்ல. துணி முகக்கவசம் நுண்துகள்களைத் தடுக்காது. என்-95 தடுக்கும், ஆனாலும் அதை அணிந்துகொண்டு கடுமையாக மிதிப்பது எளிதல்ல.

"வேலை நாட்களில் பிற்பகலுக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு ராபர்ட் ஹிக்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1980-களின் தொடக்கத்தில் செய்த சோதனைகள் ஆறுதல் தருகின்றன. பத்து வாரம், வாரத்திற்கு ஆறு நாள் பயிற்சி செய்தவர்களில் ஒரு சாராருக்கு அதை இரண்டே நாளாகக் குறைத்தார். பதினைந்து வாரம் கழித்தும் அவர்களுடைய உச்சத் திறன் குறையவில்லை. பயிற்சியின் கடுமையைக் குறைத்தபோதோ, பெற்றது நிலைக்கவில்லை. நாட்களைக் குறைக்கலாம், தீவிரத்தைக் குறைக்கலாகாது என்பதே இதன் பொருள். சனிக்கிழமை பிற்பகல் ஒன்று, ஞாயிறு ஆராதனை முடிந்து உணவருந்தி இளைப்பாறிய பின் ஒன்று, போதும். வாரநடுவில் இயலுமானால் வீட்டுக்குள்ளே ஸ்டாண்டில் பொருத்திய சைக்கிளில் அரைமணி நேரம் மிதியுங்கள். அது இல்லையேல் அடுக்குமாடிப் படிக்கட்டு இருக்கவே இருக்கிறது.

இனி குளிரைப் பற்றி. மாசோடு ஒப்பிட்டால் அது சிறிய சத்துரு. சப்தர்ஜங் நிலையத்தில் 2021 ஜனவரி 1 அன்று 1.1 டிகிரி பதிவானது மெய்யே. ஆனால் பிற்பகல் வெயிலில் பெரும்பாலான நாட்கள் இதமானவை. வெயில் இல்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், 5 டிகிரி குளிர் ஏறக்குறைய 1 டிகிரியாகத் தோன்றும். முதலில் மரத்துப்போவது கைவிரல்கள்; விறைத்த விரல் பிரேக்கைப் பிடிக்காது. ஆகையால் ஸ்வெட்டருக்கு முன்னே கையுறையை வாங்குங்கள். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையில் நனைந்து சரீரத்தைக் குளிரச் செய்யும். பழைய காலத்து ஐரோப்பிய பந்தய வீரர்கள் மலையிலிருந்து இறங்குமுன் சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொள்வார்கள். மார்பில் அறையும் காற்றை அது தடுக்கும். செலவில்லாத இந்த உபாயத்தை நீங்களும் செய்து பார்க்கலாம். தாகம் தோன்றாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் உயர்கிறது. எனவே வீட்டுக்குள்ளேயே பத்து நிமிஷம் கைகால்களை அசைத்துச் சூடேற்றிய பின்பே புறப்படுங்கள். மார்பிலோ இடது கையிலோ தாடையிலோ வலியோ பாரமோ தோன்றினால், "வாயுதான்" என்று இஞ்சிச் சாறு குடித்துக் காத்திராதிருங்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மூடுபனி நாளில் சாலையை அறவே தவிருங்கள். உங்கள் பின்விளக்கு எவ்வளவு பிரகாசமானாலும், ஐம்பது மீட்டருக்குள் எதுவும் தெரியாத ஓட்டுநருக்கு அதனால் பயனில்லை. டிசம்பர் இறுதியில் டெல்லியில் மாலை ஐந்தரை மணி அளவில் சூரியன் மறைகிறது. நான்கரை மணிக்கெல்லாம் வண்டியை வீட்டை நோக்கித் திருப்பிவிடுங்கள்.