‘எடுபிடி’ என்றொரு பதவி

கடந்த மாதம் இரத்தினபுரிப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தம்பி மகளுக்கு அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அதுவும் இருதய நோய்ப் பிரிவில். மகிழ்ச்சிச் செய்திதான். ஆனால் சொல்லும்போதே நண்பரின் குரல் இறங்கிப் போயிற்று. “பெரிய வேலயில்லீங்க, அட்டெண்டன் வேலதான். சட்டி தூக்குற வேலன்னு லயத்துல பேசிக்கிறாங்க” என்றார்.

அந்தக் கூச்சத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். அவர்களில் நம்மவர்களும் உண்டு என்பதால் கோபம் இரட்டிப்பாகிறது.

முதலில் அந்தச் சட்டியைப் பற்றியே பேசிவிடுவோம். மாரடைப்பு வந்து கிடக்கும் ஒருவரை முதல் சில மணி நேரத்துக்குக் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள். சேதமுற்ற இருதயத்துக்கு நடையும் சுமை, மலங்கழிக்க முக்குவதும் சுமை. கழிவறைக்கு எழுந்து நடந்து, அங்கேயே சரிந்து விழுந்த நோயாளிகளின் கதை இருதய வார்டில் வேலை செய்த எவருக்கும் தெரியும். ஆகவே அந்த வார்டில் சட்டி கொண்டுபோய் வைப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. நோயாளி கூப்பிட்டவுடன் வைக்கவேண்டும். தாமதித்தால் அவர் வெட்கப்பட்டுக்கொண்டு தானே எழுந்துவிடுவார். மருந்துச் சீட்டில் எழுதப்படாத மருந்து இது. இதைக் கொடுப்பவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘எடுபிடி’.

அமெரிக்காவில் ஏறத்தாழ இதே வேலையைச் செய்பவருக்கு ‘நோயாளர் பராமரிப்புத் தொழில்நுட்பவியலாளர்’ என்று பெயர். அங்கே முதியோர் பராமரிப்பு இல்லத்தில் உதவியாளராகச் சேரக்கூடக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே விதி வந்தது. இங்கிலாந்தில், ஸ்டஃபோர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் கவனிப்பாரற்றுக் கிடந்த அவலம் வெளிவந்த பிறகு, இந்த ஊழியர்களின் பயிற்சி பற்றி 2013 இல் தனி ஆய்வே நடத்தினார்கள்; 2015 ஏப்ரலில் 15 தகைமைகள் கொண்ட சான்றிதழை அறிமுகப்படுத்தினார்கள். லண்டனிலும் டொரன்டோவிலும் இந்த வேலையில் இருக்கும் நம் உறவினர்கள், அனுப்பும் புகைப்படத்தில் சீருடையோடுதான் நிற்கிறார்கள். இரத்தினபுரியில் அதே வேலையைச் செய்யும் பெண் சீருடையைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு தோட்டத்துப் பாதையில் ஏறுகிறாள்.

அந்தப் பெண்ணோடு பிறகு நானே பேசினேன். முதல் நாள் அவளுக்குக் கிடைத்த பயிற்சி என்ன என்று கேட்டேன். ஒரு மூத்த ஊழியர் தள்ளுவண்டி எங்கே இருக்கிறது, அழுக்குத் துணியை எங்கே போடவேண்டும், யாரை எப்படி விளிக்கவேண்டும் என்று காட்டினாராம். மிகுதியைப் பார்த்துப் பழகிக்கொள் என்றாராம். ஒட்சிசன் உருளையின் அளவியை வாசிப்பது, மூச்சு வாங்கும் நோயாளியை நிமிர்த்தி அமர்த்துவது, ஈ.சி.ஜி. எடுக்க வருபவருக்காக நோயாளியைத் தயார்படுத்துவது எல்லாம் பார்த்துப் பழகியவைதான். பார்த்துப் பழகும் அந்த நாட்களில் யாருடைய உயிரில் பழகுகிறாள் என்று எவரும் கேட்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த விடயம்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் இரவு, இறப்பர்த் தோட்டமொன்றிலிருந்து பால் வெட்டும் அம்மா ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். மருத்துவர் சிங்களத்தில் அக்கறையோடுதான் கேட்டிருக்கிறார். நெஞ்சு வலிக்கிறதா? “ஒவ்.” அழுத்தினால் வலிக்கிறதா? “ஒவ்.” சாப்பிட்ட பின் எரிகிறதா? “ஒவ்.” எல்லாவற்றுக்கும் ஆமென்றே பதில். தோட்டத்துச் சனம் துரைமாரிடமும் கணக்கப்பிள்ளையிடமும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய பதில் அது. மொழி புரியாத இடத்தில் ‘ஆம்’ என்பதே பாதுகாப்பு. மருத்துவர் நெஞ்செரிச்சல் என்று எண்ணத் தொடங்கிய வேளையில், அந்த அம்மா தள்ளுவண்டியின் பக்கம் திரும்பி இவளிடம் முனகியிருக்கிறார்: “புள்ள, நெஞ்ச அமுக்குது. தாட வரைக்கும் இழுக்குது. எடது கை மரத்துப் போச்சு.”

இவள் அதைச் சிங்களத்தில் சொன்னாள். உடனே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பத்து மின்வாய்களில் ஆறை நெஞ்சின் மீது ஒட்டவேண்டும். இரவிக்கையைக் கழற்றச் சொன்னபோது அந்த அம்மா இரு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம். எதற்கென்று தமிழில் விளக்கித் திரைச்சீலையை இழுத்துவிட்டவளும் இவள்தான். மாரடைப்பு உறுதியாயிற்று. உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்துக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. தாமதிக்கத் தாமதிக்க இருதயத் தசை செத்துக்கொண்டே போகும். நெஞ்சு வலியோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும் என்பது உலகெங்கும் உள்ள நெறி. அந்தப் பத்து நிமிடத்தை அன்று காப்பாற்றியவள் மூன்று நாள் அனுபவமுள்ள ‘எடுபிடி’.

அவளுடைய கடமைப் பட்டியலில் மொழிபெயர்ப்பு இல்லை. அதற்குச் சம்பளமும் இல்லை. அவள் விடுமுறையில் இருக்கும் இரவில் யார் சொல்வார்கள் என்பதற்குப் பதிலும் இல்லை.

சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 இன் 16 ஆவது திருத்தத்தின்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றலாம். 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேருவோர் ஐந்தாண்டுகளில் மற்ற மொழியைக் கற்கவேண்டும் என்ற சுற்றறிக்கையும் வந்தது. மூன்றையும் வெளிவந்த காலங்களில் செய்தியாக எழுதியவன் நான். இருதய வார்டின் கட்டிலோரத்தில் மூன்றில் ஒன்றுகூட நிற்கவில்லை.

“இந்த நாட்டில் வாழ்கிறார்கள், சிங்களம் கற்றுக்கொள்ளட்டுமே” என்று சிலர் சொல்வார்கள். சப்ரகமுவ தோட்டத்து மக்கள் கடைத்தெருவுக்கு வேண்டிய சிங்களத்தை நன்றாகவே கற்றிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பலருக்கு இன்று தமிழ்தான் தடுமாறுகிறது. ஆனால் மூச்சு முட்டும்போது மனிதன் பேசுவது கடைத்தெருவில் கற்ற மொழியை அல்ல. இதைச் சொல்பவர் தம் நெஞ்சு வலியைப் பிறமொழியில் ஒருமுறை விவரித்துப் பார்க்கட்டும்.

நம் தலைவர்களையும் விடுவதற்கில்லை. 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களுக்கு, அரசாங்க வைத்தியசாலையில் தரை துடைக்கும் வேலைக்குக்கூட விண்ணப்பிக்க வழியில்லாதிருந்தது. 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை அந்தக் கணக்கு முழுதாகத் தீரவில்லை. இத்தனை காலம் காத்திருந்து வந்த வேலையை நம் அரசியல்வாதிகள் என்ன செய்தார்கள்? சிபாரிசுக் கடிதமாக்கினார்கள், தேர்தலுக்கு முன் வழங்கும் பிச்சையாக்கினார்கள். எத்தனை நியமனம் என்று மேடையில் எண்ணிக்கை சொன்ன எவரும், அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பயிற்சி என்று கேட்டதாக என் நினைவில் இல்லை. வெளிநாட்டு முதியவர்களைப் பராமரிக்கப் போவோருக்கு இதே நாட்டில் பயிற்சி நெறியும் தொழிற்றகைமைச் சான்றிதழும் இருக்கின்றன. இறக்குவானையிலும் காவத்தையிலும் இருந்து வரும் நோயாளியைத் தொடுபவருக்கு மட்டும் பார்த்துப் பழகினால் போதும்!

நான் கேட்பது சலுகை அல்ல. இருதயப் பிரிவில் சேரும் ஒவ்வோர் உதவியாளருக்கும், எம்மொழியினராயினும், கட்டாயப் பயிற்சி வேண்டும். தோட்டங்கள் சூழ்ந்த மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் ஒவ்வொரு வேலைமுறையிலும் இருமொழி தெரிந்த ஒருவர் இருந்தே ஆகவேண்டும். அந்த மொழியறிவுக்குத் தனிக் கொடுப்பனவு வேண்டும். தோட்டங்களில் க.பொ.த. சாதாரண தரம் சித்தியெய்திய, இரண்டு மொழியும் பேசும் பிள்ளைகள் எத்தனையோ பேர் கொழும்புக் கடைகளில் பொதி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பெண் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறாள். இடது பக்கத்தில் ‘கரிக்குது’, ‘அமுக்குது’, ‘அடைக்குது’, ‘படபடங்குது’, ‘குத்துது’ என்று தோட்டத்தார் வலியைச் சொல்லும் சொற்கள். வலது பக்கத்தில் அவற்றுக்கு நேரான சிங்களம். மொழிச் சுற்றறிக்கை எழுதிய எந்தத் திணைக்களமும் தயாரிக்காத அகராதி. வார்டிலுள்ள சிங்களத் தாதி ஒருவர் அதைக் கேட்டு வாங்கிப் படியெடுத்துக்கொண்டாராம். வேறு யாரும் இதுவரை கேட்கவில்லை.