கண்ணுக்கு 21 அங்குலம், காருக்கு 19

அமெரிக்காவில் 2012-இல் டெஸ்லா மாடல் எஸ் விற்பனைக்கு வந்தபோது, ஆர்டர் செய்ய உட்கார்ந்தவர்களை இரண்டு விலைகள் யோசிக்க வைத்தன. 21 அங்குல வீல் வேண்டுமென்றால் கூடுதலாக 3,500 டாலர். ஏர் சஸ்பென்ஷன் வேண்டுமென்றால் 1,500 டாலர். இரண்டையும் வாங்க வசதி உள்ளவருக்குக் கவலையில்லை. ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்றால் எதை எடுப்பது? போர்ஷே டைகான், ஆடி ஆர்எஸ்6 என்று வேகமான கார் எதை வாங்கப் போனாலும் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்து நிற்கிறது. பெரிய வீலுக்குக் கொடுக்கிற காசில் பெரும்பகுதி, தெருவில் நின்று பார்ப்பவருக்காகக் கொடுக்கிற காசு என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

வீல் பெரிதானால் கார் உயர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. அந்த மாடல் எஸ்ஸில் 19 அங்குல வீலுக்கு 245/45 டயர், 21 அங்குல வீலுக்கு 245/35 டயர். கணக்குப் போட்டால் இரண்டின் மொத்த விட்டமும் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர்தான். மாறுவது டயரின் பக்கச் சுவர். முன்னதில் 110 மில்லிமீட்டர், பின்னதில் 86. அதாவது உலோகம் இரண்டு அங்குலம் வளர்ந்ததற்கு ஈடாக, ரிம்மைச் சுற்றிக் கிட்டத்தட்ட ஓர் அங்குலக் காற்று காணாமல் போகிறது. குழியில் இறங்கும்போது முதல் அடியை வாங்குவது அந்தக் காற்றுதான். அது மெலிந்தால் அடி நேரே ரிம்முக்குப் போகும். டயர் கடைக்கு வளைந்த ரிம்மோடு வருபவர்கள் பெரும்பாலும் மெல்லிய டயர்க்காரர்கள்.

சரி, வேகமாவது கூடுமா? ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகை 2010-இல் ஒரே ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காருக்கு 15 முதல் 19 அங்குலம் வரை வீல்களை மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்தது. 15-இலிருந்து 19-க்குப் போனபோது எரிபொருள் சிக்கனம் சுமார் 10 சதவீதம் குறைந்தது; வேகமெடுக்கும் திறனும் 4 சதவீதம் சரிந்தது. வீலும் டயரும் கனத்துப்போனதுதான் காரணம். சுழலும் எடை இருமுறை வட்டி கேட்கும். காரோடு சேர்த்து நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும்.

மின்சாரக் காரில் இந்த வட்டி இன்னும் பச்சையாகத் தெரிகிறது. 2022 மாடல் எஸ் பிளெய்டுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொடுத்த சான்றைப் பாருங்கள்: 19 அங்குல வீலில் 396 மைல், 21 அங்குலத்தில் 348 மைல். ஒரே பேட்டரி, ஒரே மோட்டார்கள். வீலும் டயரும் மாறியதற்கு 48 மைல் போச்சு. நம் கணக்கில் 77 கிலோமீட்டர். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இதைவிட வேடிக்கை, 2023-இல் அதே பிளெய்டுக்கு டெஸ்லா கொண்டுவந்த பந்தயத் தடத் தொகுப்பு. மணிக்கு 200 மைல் தொடுவதற்கான அந்தத் தொகுப்பில் இருந்த வீல் 20 அங்குலம், 21 அல்ல. ஃபார்முலா 1 கார்களும் 2021 வரை 13 அங்குல வீலில்தான் பறந்துகொண்டிருந்தன. 2022-இல்தான் 18-க்கு மாறின.

பெரிய வீலுக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. டைகான் டர்போ எஸ்ஸின் முன்பக்கச் செராமிக் பிரேக் டிஸ்க் 420 மில்லிமீட்டர். அதை அடக்கப் பெரிய வீல் வேண்டும். மெல்லிய பக்கச் சுவர் வளைவில் குறைவாக நெளிவதால் ஸ்டியரிங்குக்குக் கார் உடனே தலையசைக்கும். தடத்தில் ஓட்டுபவருக்கு அது பெரிய விஷயம். அலுவலகம் போய் வருபவருக்கு?

ஏர் சஸ்பென்ஷன் நம் ஆம்னி பஸ் பயணிகளுக்குப் புதிதல்ல. காயில் ஸ்பிரிங் இருக்கவேண்டிய இடத்தில் ரப்பர் காற்றுப் பை. அதை ஊத ஒரு கம்ப்ரஸர், உயரத்தை அளக்கச் சென்சார்கள். நான்கு பேர் ஏறினாலும் கார் பின்னால் தொங்காது. நெடுஞ்சாலையில் தாழ்ந்து காற்றின் எதிர்ப்பைக் குறைக்கும். வீட்டுச் சரிவில் ஏற உயர்ந்துகொள்ளும். 2013 அக்டோபர், நவம்பரில் வாஷிங்டன், டென்னசி மாநிலங்களில் சாலையில் கிடந்த உலோகத் துண்டு அடியில் மோதி மாடல் எஸ் கார்கள் தீப்பிடித்தன. டெஸ்லா உடனே மென்பொருள் வழியாகவே ஏர் சஸ்பென்ஷன் கார்கள் நெடுஞ்சாலையில் கொஞ்சம் உயர்ந்தே ஓடும்படி செய்தது. காயில் ஸ்பிரிங் கார்களில் அப்படி மாற்ற வழியே இல்லை.

இதற்காக ஏர் சஸ்பென்ஷனைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். 1957-இல் காடிலாக் எல்டொராடோ பிரோம் காரில் வந்த காற்றுப் பைகள் கசிந்து கசிந்து, பல உரிமையாளர்கள் அதைக் கழற்றிக் காயில் ஸ்பிரிங் போட்டுக்கொண்டார்கள். ரப்பர் இன்று மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் ரப்பர் ரப்பர்தான். போர்ஷே 911 ஜிடி3 போன்ற தடத்துக் கார்கள் இன்றும் உலோக ஸ்பிரிங்கையே நம்புகின்றன.

பெரிய வீல், ஏர் சஸ்பென்ஷன் இரண்டையும் சேர்த்து வாங்கியவர்களுக்கு இன்னொரு செலவு காத்திருந்தது. ஏர் சஸ்பென்ஷன் தாழும்போது சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். நின்று பார்த்தால் டயர் புதுசு மாதிரி இருக்கும். குனிந்து உள்பக்கம் கையை விட்டால் கம்பி தட்டுப்படும்.

எனவே தீர்ப்பு இதுதான்: 19 அங்குல வீல், ஏர் சஸ்பென்ஷன். பெரிய வீல் மீது ஆசை தீராவிட்டால் அடுத்த வருடம்கூட எந்த டயர் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். காயில் ஸ்பிரிங்கோடு வந்த காரில் ஏர் சஸ்பென்ஷனைப் பிறகு பொருத்துவது செலவிலும் சிக்கலிலும் வேறு கதை. பத்து வருடம் வைத்து ஓட்டப்போகிறவர், வாரண்டி முடிந்தபின் பை மாற்றும் செலவுக்குத் தயாரில்லை என்றால், 19 அங்குலத்தோடு காயில் ஸ்பிரிங்கையே எடுக்கலாம். ஏர் சஸ்பென்ஷன் உள்ள பழைய கார் பார்க்கப் போகிறவர் ஒரு காரியம் செய்யவேண்டும்: இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் சுற்றிப் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் எங்கோ காற்று கசிகிறது. அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.