கட்டணம் கட்ட முடியாதவர்களின் மனம்

மனநல மருத்துவர் அரசியல் பேசலாமா என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு மரீ லாங்கர் நினைவுக்கு வருகிறார்.

1910இல் வியன்னாவில், வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்தார், உளப்பகுப்பாய்வுப் பயிற்சியில் சேர்ந்தார், கம்யூனிஸ்ட் கட்சியிலும் இருந்தார். 1934 பிப்ரவரியில் வியன்னாவின் தொழிலாளர் குடியிருப்புகள்மீது அரசுப் படை பீரங்கியால் சுட்டது. எதிர்க்கட்சிகள் தடை செய்யப்பட்டன. உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்டைச் சுற்றியிருந்த சங்கம் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது: பகுப்பாய்வாளர் யாரும் தடை செய்யப்பட்ட கட்சிகளுக்கு வேலை செய்யக்கூடாது, அப்படி வேலை செய்பவர்களுக்குச் சிகிச்சையும் தரக்கூடாது. சங்கம் பிழைக்க வேண்டும் என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் உதவி மிக அதிகமாகத் தேவைப்பட்டவர்களுக்கு அன்று கதவு சாத்தப்பட்டது. அதை நடுநிலை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

லாங்கராலும் முடியவில்லை. 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டதும் தம் துணைவரும் அறுவை மருத்துவருமான மாக்ஸ் லாங்கருடன் அங்கே போய், குடியரசின் பக்கம் நின்று காயம்பட்டவர்களைக் கவனித்தார். 1938இல் ஆஸ்திரியாவை ஹிட்லர் இணைத்துக்கொண்டபின் ஒரு யூதப் பெண் திரும்பிப் போக ஊர் இல்லை. உருகுவேயில் அகதி வாழ்க்கை. பிறகு புவனோஸ் ஐரிஸ். 1942இல் அர்ஜென்டினா உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவரே பெண்.

அதன்பின் நெடுங்காலம் அரசியலை ஒதுக்கிவைத்தார். பிள்ளைகளை வளர்த்தார், தாய்மையும் பாலுணர்வும் பற்றி 1951இல் நூல் எழுதினார், பெயரும் பெற்றார். அந்த மௌனத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாடு நாடாகத் துரத்தப்பட்ட ஒருவருக்குக் காலூன்ற நிலம் வேண்டும்.

1969இல் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் தொழிலாளர்களும் மாணவர்களும் ராணுவ ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். லாங்கர் மறுபடியும் பொதுவெளிக்கு வந்தார். 1971இல் சர்வதேச உளப்பகுப்பாய்வு மாநாடு நடந்தது அதே வியன்னாவில். அங்கே கட்டுரை வாசித்த அவர், இந்த முறை ஃப்ராய்டையும் விடமாட்டோம், மார்க்சையும் விடமாட்டோம் என்ற பொருள்படப் பேசினார். அதே ஆண்டு, தாமே தொடங்கிய சங்கத்திலிருந்து தோழர்களோடு வெளியேறினார். அறுபதைக் கடந்த வயதில், தாம் கட்டிய வீட்டைவிட்டு இறங்குவதுபோன்ற முடிவு அது. தனியறையில் மணிக்கணக்கில் கட்டணம் செலுத்த முடிந்தவர்களோடு உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை நின்றுவிடக் கூடாது என்று அவர் நினைத்தார். பொது மருத்துவமனைகளில் ஏழைகளுக்குக் குழுச் சிகிச்சை அளிக்க முடியும் என்று செய்தும் காட்டினார்.

1974இல் வலதுசாரிக் கொலைப்படையின் பட்டியலில் அவர் பெயர் வந்தது. மெக்சிகோவுக்குத் தப்பினார். அங்கிருந்து, எழுபது வயதைக் கடந்தபின், நிகராகுவா போகத் தொடங்கினார். சாண்டினிஸ்டா புரட்சி வென்று, அந்த ஆட்சிக்கு எதிராகக் கான்ட்ரா படைகளின் போர் தொடங்கிய நேரம். 1981 முதல் மெக்சிகோவிலிருந்து சென்ற மனநலக் குழுவினர் லியோன் நகர மருத்துவக் கல்லூரியின் மாணவர்களுக்கும், சுகாதாரப் பணியாளர்களுக்கும் துக்கத்தையும் பயத்தையும் கேட்டறியக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் குழுவை நடத்தியவர்களில் லாங்கர் முதன்மையானவர். 1987இல் புவனோஸ் ஐரிசில் இறந்தார்.

நம் கல்லூரிகளில் உளவியல் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஃப்ராய்டை நடத்தும் வாரத்தில் ஒரு வகுப்பை மரீ லாங்கருக்கு ஒதுக்குங்கள்.